கப்பல் கம்பெனியின் கணக்கு

அக்டோபர் 16 என்னும் நாளுக்குத் திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றில் இரண்டு பதிவுகள் உண்டு. 1799-ஆம் ஆண்டு அந்நாளில் பாஞ்சாலங்குறிச்சியின் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 107 ஆண்டுகள் கழித்து, 1906-இல் அதே நாளில் தூத்துக்குடியின் சுதேசிக் கப்பல் கம்பெனி, இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. தேதிகளின் ஒற்றுமையில் பொருள் தேடும் பழக்கம் பொருளாதாரம் படித்தவனுக்கு இருக்கக் கூடாது. ஆனாலும், ஒட்டப்பிடாரத்தில் வ.உ. சிதம்பரனார் பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்து பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குச் செல்லும்போதெல்லாம் இந்த இரு தேதிகளும் எனக்கு நினைவுக்கு வருகின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே நடந்தே போய்விடக்கூடிய தொலைவுதான். இரு பக்கமும் பருத்தி விளைந்த கரிசல் நிலம். ஒரு நூற்றாண்டுக் காலத்தில் இந்தச் சிறு நிலப்பரப்பு ஆங்கிலேய ஆட்சியை இரண்டு முறை எதிர்த்தது. முதல் முறை வாளும் வேலும் கொண்டு. இரண்டாம் முறை பங்குப் பத்திரம் கொண்டு.

இந்த இரண்டாம் எதிர்ப்பை நாம் ஒழுங்காகப் படித்ததில்லை என்பது என் நெடுநாள் எண்ணம். வ.உ.சி. என்றதும் கோவைச் சிறையின் செக்குதான் நம் கண்முன் வருகிறது. தியாகி என்ற சொல் அவருடைய மற்ற எல்லா முகங்களையும் மறைத்துவிட்டது. அவர் ஒரு தொழில்முனைவோர். முதல் திரட்டியவர், பங்கு விற்றவர், கப்பல் வாங்கியவர், கட்டணம் நிர்ணயித்தவர். அந்த முகத்தைப் பேச வந்தால்கூட, உணர்ச்சி மிகுந்து கணக்குத் தவறிய வணிகர் என்று ஓரிரு வாக்கியங்களில் முடித்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் முடித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் தொழில் பொருளாதாரம் நடத்திய தொடக்க ஆண்டுகளில், நாட்டுப்பற்று முதலீட்டுக்கு மாற்றாகாது என்பதற்குச் சுதேசிக் கப்பல் கம்பெனியை எடுத்துக்காட்டாகச் சொல்வது என் வழக்கம். ஒரு நாள் வகுப்பில், தோணி வைத்திருந்த குடும்பத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர் எழுந்து, எதிராளி இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போகிறபோது எந்தக் கணக்குத்தான் சார் நிற்கும் என்று கேட்டார். அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. பிறகுதான் அந்தக் கம்பெனியின் கதையைத் தொடக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

வ.உ.சி. 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். ஒட்டப்பிடாரம், தூத்துக்குடி, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் பள்ளிப் படிப்பு. சிறிது காலம் தாலுகா அலுவலகத்தில் எழுத்தர் வேலை. பின்னர் திருச்சியில் சட்டம் பயின்று, தந்தையின் தொழிலுக்கே வந்தார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். வழக்காட வந்த ஊர் அவரை வணிகம் பக்கம் திருப்பியது.

அன்றைய தூத்துக்குடி எப்படிப்பட்ட ஊர் என்பதை அறியாமல் இந்தக் கதையைப் புரிந்துகொள்ள முடியாது. முத்துக்குளித்துறையின் தலைநகரம் அது. போர்ச்சுகீசியர், பிறகு டச்சுக்காரர், பிறகு ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக வந்து இக்கடலின் முத்துக்கும் சங்குக்கும் ஏகபோக உரிமை கொண்டாடினர். மூச்சடக்கி மூழ்குவது பரதவர். விளைச்சலில் பெரும்பங்கு கொள்வது ஆட்சி. ஏகபோகம் என்றால் என்னவென்று இந்தக் கடற்கரைக்கு எந்தப் பாடநூலும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1876-இல் ரயில் பாதை வந்ததும் ஊரின் முகம் மாறியது. சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் இங்கே இறங்கிக் கொழும்புக்குக் கப்பலேறினர். இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் பெருகப் பெருக, அங்கே உழைக்கச் சென்ற தமிழர்களின் எண்ணிக்கையும் பெருகியது. அவர்களுக்கு வேண்டிய அரிசி, கருவாடு, வெங்காயம், மிளகாய் வற்றல் எல்லாம் இவ்வழியே சென்றன. கரிசல் பருத்தி ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயிற்று. துறைமுகம் ஆழமற்றது. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் மூட்டையும் தோணிகளில் போய்த்தான் அவற்றில் ஏற வேண்டும். தோணி நம்மவருடையது. கப்பல் மட்டும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியுடையது.

பி.ஐ. கம்பெனி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்நிறுவனம் சாதாரண வணிக நிறுவனம் அன்று. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மெக்கினான் தொடங்கியது. அரசின் அஞ்சலைச் சுமக்கும் ஒப்பந்தமும் அதற்கான மானியமும் தொடக்கம் முதலே அதற்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனிடம் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இருந்தன. தூத்துக்குடியில் அதன் முகவர் ஏ. அண்ட் எஃப். ஹார்வி நிறுவனம். அதே ஹார்வி நிறுவனத்தின் நிர்வாகத்தில்தான் ஊரின் பெரிய பஞ்சாலையான கோரல் மில்லும் இருந்தது. பாபநாசத்திலும் மதுரையிலும் அவர்களுக்கு ஆலைகள் இருந்தன. பருத்தியை வாங்குபவரும், நூற்பவரும், கப்பலேற்றுபவரும் ஒரே வட்டத்தினர். ஊரில் எந்த வணிகருக்கு எந்தச் சரக்கை எப்போது அனுப்ப முடியும் என்பதை அந்த வட்டமே தீர்மானித்தது.

1905-இல் வங்காளம் பிரிக்கப்பட்டதும் சுதேசி இயக்கம் நாடெங்கும் பரவியது. பல இடங்களில் அது சீமைத் துணியைக் கொளுத்துவதோடு நின்றது. வ.உ.சி.யின் நோக்கு வேறாக இருந்தது. புறக்கணித்த பொருளுக்குப் பதிலாக ஒன்றை உற்பத்தி செய்தாக வேண்டும் என்பது அவர் கருத்து. தூத்துக்குடியில் சுதேசிப் பண்டகசாலையும் தரும சங்க நெசவுச்சாலையும் அவர் முயற்சியில் தோன்றின. இவை சிறிய அடிகள். அடுத்ததாக அவர் கையை வைத்தது ஏகபோகத்தின் உயிர்நிலையில்.

சுதேசிக் கப்பல் கம்பெனியின் முதல் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டவரும் பங்கு வாங்கலாம். பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர். ஹாஜி முகமது பக்கீர் சேட் செயலாளர். அவர் ஒருவரே 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கு, எடுத்துக்கொண்டார். சேலம் விஜயராகவாச்சாரியார் சட்ட ஆலோசகர்களுள் ஒருவர். வ.உ.சி. உதவிச் செயலாளர். பதவியின் பெயர் சிறிது. வேலை முழுவதும் அவருடையது.

இந்த முதலமைப்பை ஒரு பொருளாதார ஆசிரியனாகப் பார்க்கும்போது எனக்கு வியப்பு குறைவதில்லை. ஐந்தில் ஒரு பங்கு ஒரு பெருவணிகரிடம். மீதி முழுவதும் சிறு சிறு கைகளில் பரவ வேண்டும் என்பது திட்டம். 25 ரூபாய் என்பது ஏழைக்கு எட்டாத தொகைதான். ஆனால் ஒரு சிறு வணிகரோ, பள்ளி ஆசிரியரோ, வக்கீலோ சேர்த்து வைத்துக் கொடுத்துவிடக் கூடியது. கப்பலில் சரக்கு ஏற்றுபவரையும் பயணம் செய்பவரையும் பங்குதாரராக்கிவிட்டால், அவர் எதிராளியின் கப்பலில் ஏறத் தயங்குவார். வாடிக்கையாளரையே உடைமையாளராக்கும் இந்த உத்தியைக் கூட்டுறவுக்காரர்கள் நன்கு அறிவர். கூட்டுப்பங்கு நிறுவனத்துக்குள் அதைக் கொண்டுவந்தவர் நம் வ.உ.சி. கம்பெனியின் நோக்கங்களுள் கப்பல் ஓட்டும் தொழிலை நம்மவருக்குக் கற்பிப்பதும், அதற்கான பள்ளியும் கப்பல் கட்டும் தளமும் அமைப்பதும் இடம்பெற்றிருந்தன. வெறும் உணர்ச்சியில் எழுதப்பட்ட திட்டம் அன்று இது.

தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது. ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பி.ஐ. கம்பெனி அழுத்தம் கொடுத்தது. வாடகைக் கப்பல் நின்றது. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை அமர்த்தி நிலைமையைச் சமாளித்துக்கொண்டே, சொந்தக் கப்பல் வாங்குவதற்காக வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். வீட்டில் மகன் உலகநாதன் நோயுற்றிருந்த நேரம் அது. கப்பலோடுதான் திரும்புவேன், இல்லையேல் அங்கேயே கடலில் விழுந்து மாய்வேன் என்று சொல்லிவிட்டுச் சென்றதாகச் சொல்வார்கள். 1907-இல் காலியா என்ற கப்பல் தூத்துக்குடிக்கு வந்தது. லாவோ என்ற இரண்டாவது கப்பலும் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளையும் ஆயிரக்கணக்கான சரக்கு மூட்டைகளையும் ஏற்றக்கூடியது. பாரதியாரின் இந்தியா பத்திரிகை அந்த வரவைக் கொண்டாடியது.

அதன் பிறகு தொடங்கியது கட்டணப் போர். பி.ஐ. கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்குக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. பி.ஐ. கம்பெனி இலவசமாகவே ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. பயணிகளுக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்கள் என்று தூத்துக்குடியில் இன்றும் சொல்வார்கள்.

குடைக் கதையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வங்காளத்தின் பரிசால் ஆறு நினைவுக்கு வரும். ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-இல் குல்னாவுக்கும் பரிசாலுக்கும் இடையே சரோஜினி என்ற நீராவிப் படகை ஓட்டினார். எதிரே வெள்ளையர் நிறுவனம். அங்கும் கட்டணம் குறைந்துகொண்டே போயிற்று. பயணிகளுக்குச் சிற்றுண்டி வழங்கும் நிலை வந்தது. ஜோதிரிந்திரநாத் பெரும் கடனோடு கரையேறினார். தம்பி தம் நினைவுக் குறிப்புகளில் இதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். நகைச்சுவையாக எழுத முடிந்ததற்கு, அந்த அண்ணன் சிறைக்குப் போகவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

எதிராளியைச் சந்தையிலிருந்து விரட்டுவதற்காகவே அடக்க விலைக்கும் கீழே விற்பதைப் பொருளாதாரத்தில் சூறையாடும் விலை என்பார்கள். இதில் வெல்பவர் திறமையாகத் தொழில் செய்பவர் அல்லர்; நீண்ட காலம் நட்டத்தைத் தாங்கக்கூடியவர். நூறு கப்பல் வைத்திருப்பவர் ஒரு வழித்தடத்தில் இழப்பதை ரங்கூனிலும் கல்கத்தாவிலும் பாரசீக வளைகுடாவிலும் ஈட்டிக்கொள்வார். இரண்டு கப்பல் வைத்திருப்பவருக்கு இழப்பதற்கு வேறு தடம் இல்லை. அஞ்சல் மானியமும் இல்லை.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இலவசப் பயணம் ஒருபுறம் இருக்க, காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலில் ஏறியவர்கள் இருந்தார்கள். தூத்துக்குடி வணிகர்களில் பலர் தங்கள் சரக்கைச் சுதேசிக் கப்பலிலேயே அனுப்பினர். தனி மனிதன் தன் ஆதாயத்தையே நாடுவான் என்ற கோட்பாட்டை முப்பது ஆண்டுகளுக்கு மேல் கரும்பலகையில் எழுதியவன் நான். அந்த வணிகர்களும் பயணிகளும் நெடுநாள் அந்தக் கோட்பாட்டுக்குள் அடங்க மறுத்தார்கள். கட்டணப் போரால் மட்டும் சுதேசிக் கம்பெனி வீழவில்லை என்று நான் கருதுவதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் அரசு. ஜப்பானில் 1876-இல் மிட்சுபிஷி நிறுவனத்துக்கும் பிரிட்டனின் பி. அண்ட் ஓ. நிறுவனத்துக்கும் யோகஹாமா - ஷாங்காய் வழித்தடத்தில் இதே போன்ற கட்டணப் போர் நடந்தது. அங்கே அரசு மிட்சுபிஷியின் பக்கம் நின்றது, பி. அண்ட் ஓ. விலகிச் சென்றது. அந்த மிட்சுபிஷி கம்பெனி அன்று உலகத்தரத்தில் ஒன்றும் பெரிய நிறுவனமில்லை. தூத்துக்குடியில் அரசு யார் பக்கம் நின்றது என்பதைச் சொல்லத் தேவையில்லை. உதவிக் கலெக்டராக இருந்த ஆஷ் முதல் கலெக்டர் விஞ்ச் வரை, ஒரு வணிகப் போட்டியை ஆட்சிக்கு எதிரான கலகமாகவே பார்த்தார்கள். வ.உ.சி.யும் அதை வெறும் வணிகமாகக் கருதவில்லை என்பது உண்மைதான். 1907 இறுதியில் சூரத் காங்கிரஸுக்குப் பாரதியாருடன் சென்று திலகர் பக்கம் நின்றவர் அவர். திரும்பி வந்ததும் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து தூத்துக்குடிக் கடற்கரையில் நாள்தோறும் மேடையேறினார்.

கம்பெனியின் இயக்குநர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அரசியல் வேறு, வணிகம் வேறு என்று அவர்கள் கருதினர். முதல் போட்டவர்களின் அச்சம் அது. அதைக் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிறர் பணத்துக்குப் பொறுப்பேற்றவர் அரசோடு நேரடியாக மோதலாமா என்ற கேள்வி இன்றும் எந்த நிர்வாகக் குழுவிலும் எழக்கூடியதே. என் கருத்து வேறு. அரசியல் வேகம்தான் அந்தப் பங்குகளை விற்றது. அந்த வேகம்தான் இலவசக் கப்பலை விட்டுவிட்டுச் சுதேசிக் கப்பலில் பயணிகளை ஏற்றியது. அதைக் கழித்துவிட்டால் கம்பெனியிடம் மிஞ்சுவது இரண்டு கப்பலும் கடனும்தான். ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பொறுப்பும் ஒரே மனிதர் மேல் நின்றது. அவர் இல்லாத ஒரு நாளுக்குக் கம்பெனி தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளவே இல்லை. அந்த நாள் 1908 மார்ச்சில் வந்தது.

அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 27-ஆம் நாள், கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள். வ.உ.சி.யும் சிவாவும் முன்னின்றார்கள். வேலையிழந்து நின்றவர்களுக்கு ஊரில் நிதி திரட்டி உணவுக்கு வழி செய்தார்கள். மாற்று வேலைக்கும் ஏற்பாடு செய்தார்கள். வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்கு நாவிதர் சவரம் செய்ய மறுத்தார். சலவைத் தொழிலாளி துணி எடுக்க மறுத்தார். ஹார்வி நிர்வாகம் பணிந்தது. சென்னையில் தொழிற்சங்கம் முறையாக உருவாவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. ஒரு கம்பெனியை நடத்தும் முதலாளி இன்னொரு ஆலையின் தொழிலாளருக்காக நிற்பதை எந்த வணிகவியல் பாடத்திலும் நான் கண்டதில்லை.

விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாட மார்ச் 9-ஆம் நாள் ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மார்ச் 12-இல் திருநெல்வேலியில் வ.உ.சி., சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஒரு கப்பல் கம்பெனியின் உதவிச் செயலாளர் கைதானதற்காக ஒரு நகரம் இப்படி எழுந்ததற்கு வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கை விசாரித்த நீதிபதி பின்ஹே, 1908 ஜூலை 7-ஆம் நாள் தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னோர் ஆயுள் தண்டனை. இரண்டும் சேர்ந்து நாற்பது ஆண்டுகள் தீவாந்தரம். லண்டனில் இந்திய மந்திரியாக இருந்த மார்லியே இத்தண்டனையை ஆதரித்துப் பேசத் தம்மால் இயலாது என்று வைசிராய் மிண்டோவுக்கு எழுதும்படி ஆயிற்று. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைந்தது. தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் வ.உ.சி.யின் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். கடைசிவரை அவர் மீளவில்லை.

கோவைச் சிறையிலும் கண்ணூர்ச் சிறையிலும் அவர் பட்ட துன்பங்கள் தமிழர் அறிந்தவை. இங்கே நான் அவற்றை விரிக்கப் போவதில்லை. செக்கிழுத்த அந்த ஆண்டுகளிலேயே அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கி மனம் போல வாழ்வு என்ற பெயரில் வெளிவரச் செய்தார் என்பதை மட்டும் குறிப்பிட்டு நகர்கிறேன்.

அவர் சிறையில் இருக்கும்போதே கம்பெனி சரிந்தது. வ.உ.சி. இல்லாத கம்பெனியின் கப்பலில் ஏறுவது ஆட்சியரின் பகையைச் சம்பாதிப்பதாயிற்று. வணிகர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒதுங்கினர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது, கப்பல்கள் கைமாறின. அதே ஆண்டு ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டுக் கொன்றார். கப்பல் கம்பெனியின் கதையில் அந்தத் துப்பாக்கிக் குண்டையும் ஒரு வரியாகச் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது.

வ.உ.சி. கைதாகாமல் இருந்திருந்தால் கம்பெனி பிழைத்திருக்குமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் போக்குவரத்து தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த போட் மெயில் அங்கே திரும்பியது. தூத்துக்குடி - கொழும்புப் பயணத்தின் முக்கியத்துவம் அப்போதே குறைந்துவிட்டது. ஆகவே ஒரே வழித்தடத்தை நம்பிய கம்பெனிக்கு 1914-க்குப் பிறகு கடினமான காலமே காத்திருந்தது. ஆனால் ஏழெட்டு ஆண்டுகள் நிம்மதியாகத் தொழில் செய்திருந்தால், அதற்குள் நம்மவரில் எத்தனை மாலுமிகள், எத்தனை பொறியாளர்கள் உருவாகியிருப்பார்கள்? உலகப் போர் வந்து கப்பல் வாடகை விண்ணை முட்டிய நேரத்தில் அவர்களிடம் இரண்டு கப்பல்கள் இருந்திருக்கும். 1919-இல் வால்சந்த் ஹீராசந்தும் நரோத்தம் மொரார்ஜியும் பம்பாயில் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது, பல மடங்கு பெரிய முதலோடு தொடங்கினார்கள். அவர்களும் அதே பி.ஐ. கம்பெனியின் கட்டணப் போரில் சிக்கித் தவித்து, 1923-இல் அதன் தலைவர் இன்ச்கேப் பிரபுவோடு உடன்பாடு செய்துகொண்டுதான் உயிர் தப்பினார்கள். பம்பாயின் பெரும் முதலாளிகளுக்கே இந்த நிலை என்றால், தூத்துக்குடி வக்கீலைக் கணக்குத் தெரியாதவர் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? இதைத்தான் நான் என் மாணவருக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

1912 டிசம்பரில் வ.உ.சி. விடுதலையானார். சிறைவாயிலில் வரவேற்கத் திரண்டு வந்த கூட்டம் ஏதும் இல்லை. நோயுற்றிருந்த சுப்பிரமணிய சிவா வந்திருந்தார். வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சொத்து கரைந்திருந்தது. சொந்த மாவட்டத்துக்குப் போகத் தடை. சென்னையில் குடியேறிச் சிந்தாதிரிப்பேட்டை, பெரம்பூர், மயிலாப்பூர் என்று வீடு மாறி மாறி வாழ்ந்தார். அரிசி, மளிகை விற்றார்; மண்ணெண்ணெய் விற்றார். கப்பல் விற்ற கடலுக்குப் பக்கத்திலேயே அளந்து அளந்து எண்ணெய் விற்ற அந்த நாள்களில் அவர் பழைய பங்குதாரர்களில் எத்தனை பேர் அவர் கடைக்கு வந்து போனார்கள் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவர் குடும்பத்துக்கென்று திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்த தொகை ஒன்று இருந்தது. அது குறித்து இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. பல கடிதங்களுக்குப் பிறகு 1916-இல் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. இதைப் பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி ஆவணங்களைக் கொண்டு தெளிவாக எழுதியிருக்கிறார். காந்தியடிகள் ஏமாற்றிவிட்டார் என்று மேடையில் முழங்குவோர் அதைப் படிக்க வேண்டும். என்னை வருத்துவது அந்தத் தொகையின் தாமதம் அன்று. பத்து லட்சம் ரூபாய்க் கம்பெனியை நிறுவியவர், 347 ரூபாய்க்காகத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருந்தது என்பதுதான்.

அவர் முடங்கிக் கிடக்கவும் இல்லை. திரு.வி.க.வோடு சேர்ந்து சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் பணியாற்றினார். திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையையும், தொல்காப்பிய இளம்பூரணத்தையும் பதிப்பித்தார். மெய்யறம், மெய்யறிவு முதலிய நூல்களை இயற்றினார். கோவையில் சிறிது காலம் ஒரு வங்கியின் மேலாளராக இருந்து பார்த்தார். 1920-இல் ஒத்துழையாமைத் திட்டத்தில் உடன்பாடின்றிக் காங்கிரஸை விட்டு விலகினார். 1927-இல் மீண்டும் வந்து சேலம் அரசியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். தலைமுறை மாறியிருந்தது. காங்கிரஸில் அவருக்கான இடம் நினைவுச் சின்னத்தின் இடமாகவே இருந்தது.

1908 வழக்கின் தொடக்க விசாரணையை நடத்திய வாலஸ், பின்னாளில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது, வ.உ.சி.க்கு வழக்கறிஞர் உரிமம் திரும்பக் கிடைக்க உதவினார். நன்றி மறவாத வ.உ.சி. தம் கடைசி மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை வெறுத்தவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடிவிட்டு, 1932-இல் தூத்துக்குடிக்கே திரும்பினார். கொழும்புக் கப்பல்களின் ஆரவாரம் அடங்கிப்போன துறைமுகம் அது. ஹார்வி ஆலை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கப்பலோட்டிய தமிழன் என்ற பட்டம் ம.பொ.சிவஞானத்தின் நூலால் ஊரெங்கும் பரவியது. அந்நூலை அடிப்படையாகக் கொண்டு பி.ஆர். பந்துலு 1961-இல் சிவாஜி கணேசனை வைத்துப் படமெடுத்தார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இருவரும் எடுத்த வீரபாண்டிய கட்டபொம்மன் வசூலைக் குவித்தது. வ.உ.சி.யின் படமோ எடுத்தவருக்கு நட்டம் தந்தது. ஒட்டப்பிடாரத்துக்காரர் கதையில் அந்தக் கணக்கும் இப்படித்தான் முடிந்தது. துறைமுகத்துக்கு அவர் பெயர் 2011-இல்தான் சூட்டப்பட்டது. அதே ஆண்டு தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் மீண்டும் விடப்பட்டது. போதிய பயணிகள் இன்றிச் சில மாதங்களில் நின்றுபோயிற்று. இம்முறை கட்டணப் போர் நடத்த எதிராளி எவரும் இல்லை.

1936-இல் உடல் நலிவுற்றபோது வ.உ.சி. ஓர் உயில் எழுதிவைத்தார். வாழ்நாள் முழுவதும் கணக்கு எழுதியவர். அதையும் கணக்காகவே எழுதினார். மளிகைக் கடைக்கும் துணிக்கடைக்கும் தர வேண்டிய பாக்கிகள் அதில் வரிசையாக இருந்தன. இறுதி நேரம் நெருங்கியதும் தம்மைத் தூத்துக்குடிக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். நவம்பர் 18-ஆம் நாள் அங்கே அவர் உயிர் பிரிந்தது. வயது அறுபத்து நான்கு.